மாணவர் ஓவர்டிராஃப்ட் எடுத்தால் கிரெடிட் ஸ்கோர் விழுமா?

பிரிட்டனில் பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவர்களைப் பிடிக்க வங்கிகள் வீசும் தூண்டில், வட்டியில்லா ஓவர்டிராஃப்ட். கணக்கில் பணம் தீர்ந்த பிறகும் ஓர் எல்லை வரை எடுத்துக்கொள்ளலாம். வங்கியையும் படிக்கும் ஆண்டையும் பொறுத்து அந்த எல்லை சில நூறு பவுண்டில் தொடங்கி சுமார் 3,000 வரை போகும். வட்டி இல்லை என்பதால் பலர் இதைக் கடனாகவே நினைப்பதில்லை. ஆனால் கிரெடிட் ரிப்போர்ட் என்னும் கடன் வரலாற்றுப் பதிவேட்டில் இது கடன்தான். வேடிக்கை என்னவென்றால், பல்லாயிரம் பவுண்டு கல்விக்கடன் வழங்கும் ஸ்டூடன்ட் லோன்ஸ் கம்பெனியின் கணக்கு பொதுவாகக் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏறுவதே இல்லை. இந்தச் சின்ன ஓவர்டிராஃப்ட் ஏறிவிடுகிறது.

ஏற்றி வைப்பவை எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று நிறுவனங்கள். நம்மூர் சிபில் இந்த டிரான்ஸ்யூனியன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வங்கி மாதாமாதம் இவர்களுக்குத் தகவல் அனுப்பும்: எல்லை எவ்வளவு, அதில் எவ்வளவு எடுக்கப்பட்டிருக்கிறது. கணக்கில் பணம் இருந்தால் கடன் பூஜ்யம் என்று போகும்; எவ்வளவு சேமிப்பு என்பது போகாது.

சரி, எடுத்தாலே கிரெடிட் ஸ்கோர், அதாவது இந்த ரிப்போர்ட்டைப் பார்த்துப் போடும் மதிப்பெண், விழுமா? அப்படியில்லை. 2,000 பவுண்டு எல்லையில் அவ்வப்போது 300 எடுத்து, பணம் வந்ததும் அடைப்பவரைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். ஆண்டு முழுக்க 1,900-லேயே நிற்பவர் வேறு கதை. இவருக்குக் கைச்செலவுக்கே கடன் வேண்டியிருக்கிறது, இன்னொரு கடனை எப்படி அடைப்பார் என்று அடுத்து கடன் கொடுப்பவர் யோசிப்பார். எல்லோருக்கும் பொதுவான ஒரே ஸ்கோர் என்று ஒன்று கிடையாது. ரிப்போர்ட்டை வாங்கி ஒவ்வொரு வங்கியும் தன் கணக்கைத் தானே போடும்.

சாதாரணக் கடனுக்கு மாதத் தவணை உண்டு, கெடு தேதி உண்டு. ஓவர்டிராஃப்டுக்கு இரண்டும் இல்லை. அதனால் தவணை தவறினார் என்ற பேச்சும் இல்லை, ஒழுங்காகக் கட்டினார் என்ற நற்பெயரும் பெரிதாகச் சேராது. ஸ்கோரை வளர்க்க ஓவர்டிராஃப்ட் எடுங்கள் என்று யாராவது யோசனை சொன்னால் நம்பாதீர்கள்.

உண்மையான ஆபத்து எல்லையைத் தாண்டும்போதுதான். அனுமதியில்லாமல் தாண்டியது பதிவாகலாம். அதோடு, பணம் போதவில்லை என்று வங்கி உங்கள் போன் பில்லைக் கட்டாமல் திருப்பி அனுப்பினால், போன் கம்பெனியும் தன் பங்குக்கு ஒரு கரும்புள்ளி வைக்கலாம். அப்படியே விட்டு, வங்கி கணக்கை மூடி டிஃபால்ட், அதாவது கடனைக் கட்டத் தவறியவர், என்று எழுதிவிட்டால், அது 6 ஆண்டுகள் ரிப்போர்ட்டில் இருக்கும்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ படிக்கப் போகிறவர்களுக்கு இந்த ஓவர்டிராஃப்ட் பெரும்பாலும் கிடைக்காது. பிரிட்டனில் 3 ஆண்டு வசித்திருக்க வேண்டும் என்று பல வங்கிகள் கேட்கும். ஆனால் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால் அங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். முகவரி உறுதியாவதால் ரிப்போர்ட்டுக்கு அது நல்லது, செலவும் இல்லை.

பலர் மாட்டிக்கொள்வது படிப்பு முடிந்த பிறகு. மாணவர் கணக்கு பட்டதாரிக் கணக்காக மாறும், வட்டியில்லாத தொகை ஆண்டுக்கு ஆண்டு சுருங்கும். சில வங்கிகள் எல்லையையே குறைக்கும். சில, மிஞ்சிய தொகைக்கு வட்டி போடும். 2020 ஏப்ரலில் புதிய விதி வந்து தினசரிக் கட்டணங்கள் ஒழிந்தன. பதிலுக்குப் பல வங்கிகள் ஆண்டு வட்டியை 40 சதவீதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தன. அந்த வட்டி வீதத்தில் 1,500 பவுண்டு நிலுவைக்கு மாதம் 40 பவுண்டுக்கு மேல் வட்டி. வேலை கிடைக்கத் தாமதமானால், எல்லை குறையும் தேதிக்கு முன்பே வங்கியிடம் பேசி, கொஞ்சம் கொஞ்சமாக அடைக்க வழி கேட்கலாம்; பெரும்பாலும் ஏதாவது ஏற்பாடு செய்வார்கள்.