பெட்ரோல் கணக்கில் ஒளிந்திருக்கும் நூல்

ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் மைலேஜை நம்மைப் போல ‘லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்’ என்று சொல்வதில்லை. திருப்பிப் போட்டு, ‘100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர்’ என்பார்கள். அந்த அலகைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். லிட்டர் என்பது கனஅளவு. அதாவது நீளம் × நீளம் × நீளம். கிலோமீட்டர் வெறும் நீளம். மேலே மூன்று நீளம், கீழே ஒன்று. அடித்துவிட்டால் மிஞ்சுவது நீளம் × நீளம். அது பரப்பளவு!

பெட்ரோல் செலவு எப்படிப் பரப்பளவாகும்? லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் பைக்கை எடுத்துக்கொள்வோம். 1 லிட்டர் என்பது 0.001 கனமீட்டர். அதை 50,000 மீட்டரால் வகுத்தால் 0.02 சதுர மில்லிமீட்டர் வருகிறது. வண்டி போகும் சாலை நெடுக பெட்ரோலை ஒரு நூலாக இழுத்துப் போட்டு, வண்டி அதை உறிஞ்சிக்கொண்டே போவதாக நினைத்துப் பாருங்கள். அந்த நூலைக் குறுக்கே வெட்டினால் தெரியும் பரப்புதான் இந்த 0.02. நூலின் விட்டம் 0.16 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட இரண்டு தலைமுடி தடிமன். முதல் தடவை இந்த விடை வந்தபோது நான் நம்பாமல் மறுபடியும் கணக்குப் போட்டேன். இரண்டு பேரைச் சுமந்து ஓடும் வண்டிக்கு அவ்வளவு மெல்லிய இழை போதுமாக இருக்கிறது.

பார்த்தாலே மிரட்டும் கூட்டு அலகுகளையும் இப்படிப் பிரித்துவிடலாம். நியூட்டன், ஜூல், வாட், வோல்ட் எல்லாம் அறிஞர்களின் பெயரில் வைத்த சுருக்கங்கள். பிரித்தால் உள்ளே இருப்பவை கிலோகிராம், மீட்டர், நொடி, ஆம்பியர் ஆகிய நான்கே. விசை என்பது நிறை × முடுக்கம். எனவே நியூட்டன் என்றால் கிலோகிராம் × மீட்டர் ÷ நொடி². அதை இன்னொரு மீட்டரால் பெருக்கினால் ஆற்றலின் அலகான ஜூல். ஜூலை நொடியால் வகுத்தால் திறனின் அலகான வாட். ஆக, தேர்வில் ‘கி.கி. × மீ² ÷ நொடி³ எதன் அலகு?’ என்று கேட்டால் மனப்பாடம் வேண்டாம். முதலில் அதற்குள் ஒரு நியூட்டனைப் பிரித்தெடுங்கள். மீதி ஒரு மீட்டரும், வகுக்க ஒரு நொடியும் இருக்கும். சரி, அது வாட்.

இதனால் தேர்வைத் தாண்டியும் பயன் உண்டு. அழுத்தத்தின் அலகு நியூட்டன் ÷ மீ², அதன் சுருக்கப் பெயர் பாஸ்கல். ஒரு நொடியில் பாயும் திரவத்தின் அளவு மீ³ ÷ நொடி. இரண்டையும் பெருக்குங்கள்: மேலே இருக்கும் மூன்று மீட்டரில் இரண்டு அடிபட்டு, நியூட்டன் × மீட்டர் ÷ நொடி மிஞ்சும். மறுபடியும் வாட்தான். அப்படியானால் நம் இதயம் எத்தனை வாட் மோட்டார் என்று பார்த்துவிடலாமே! சராசரி ரத்த அழுத்தம் சுமார் 100 மில்லிமீட்டர் பாதரசம். அதாவது ஏறக்குறைய 13,300 பாஸ்கல். ஓய்வில் இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது, நொடிக்கு 0.000083 கனமீட்டர். பெருக்கினால் 1.1 வாட். ஒரு சின்ன இரவு விளக்கின் அளவு திறன்தான், ஆனால் ஆயுள் முழுக்க நிற்காமல்.

மின்னியலில் எனக்கு மிகவும் பிடித்தது ஓம் × ஃபாரட். மின்தடையின் அலகையும், மின்னூட்டத்தைச் சேமித்துவைக்கும் மின்தேக்கியின் கொள்திறன் அலகையும் பெருக்கினால் என்ன வரும்? ஓம் என்றால் வோல்ட் ÷ ஆம்பியர். ஃபாரட் என்றால் கூலும் (மின்னூட்டத்தின் அலகு) ÷ வோல்ட். வோல்ட்டும் வோல்ட்டும் அடிபட, கூலும் ÷ ஆம்பியர் நிற்கிறது. கூலும் என்பதே ஆம்பியர் × நொடி. ஆம்பியரும் போனால் தனியாக நிற்பது நொடி. 10,000 ஓம் தடை வழியாக 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை நிரப்பினால் பெருக்கல் விடை சரியாக 1 நொடி. காலியாக இருந்த மின்தேக்கி 63 சதவீதம் நிரம்ப ஆகும் நேரம் அதுதான்.

ஆனால் அலகு ஒன்றாக இருப்பதால் மட்டும் அளவும் ஒன்றாகிவிடாது. பைக் விவரத்தில் ‘டார்க்’ என்று போட்டு நியூட்டன் மீட்டரில் தருகிறார்களே, அந்த முறுக்குவிசையைப் பிரித்தாலும் ஜூலின் உள்ளடக்கமே வரும். ஆனால் துருப்பிடித்த நட்டை ஸ்பேனரால் அழுத்திப் பாருங்கள். நட்டு அசையாதவரை முறுக்குவிசை இருக்கிறது, நட்டுக்கு ஆற்றல் எதுவும் போகவில்லை. ஆற்றலில் விசையும் நகர்வும் ஒரே திசையில். முறுக்குவிசையில் விசையும் ஸ்பேனரின் நீளமும் செங்குத்தாக. அந்தத் திசையை அலகு காட்டாது. அதனால்தான் முறுக்குவிசையை யாரும் ஜூலில் எழுதுவதில்லை.

கடைசியாக, வானியலுக்குப் போவோம். பிரபஞ்சம் விரியும் வேகத்தைச் சொல்லும் ஹபிள் மாறிலி ஏறக்குறைய 70. அலகு: கிலோமீட்டர் ÷ நொடி ÷ மெகாபார்செக். மெகாபார்செக் என்பதும் தூரம்தான், சுமார் 3.09 × 10¹⁹ கிலோமீட்டர். தூரத்துக்குத் தூரம் அடிபட்டால் மிஞ்சுவது 1 ÷ நொடி. தலைகீழாகப் போட்டால் காலம். அந்தக் காலத்தை ஆண்டாக மாற்றினால் சுமார் 1,400 கோடி. விரிவு எப்போதும் இதே வேகத்தில் நடந்திருந்தால் பிரபஞ்சத்தின் வயது இதுவாகத்தான் இருக்கும். விரிவின் வேகம் எப்போதும் ஒரே மாதிரி இருந்ததில்லை என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு, பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டு என்கிறார்கள்.