காதுக்கு முதலில் வந்த சத்தம்

திருகோணமலை உவர்மலையில் இருந்து ஓர் உயர்தர வகுப்பு மாணவர் கேட்டிருக்கிறார்: "சேர், கென்னடியைச் சுட்ட அன்று முன்பக்கப் புல்மேட்டில் இருந்துதான் வெடிச்சத்தம் வந்தது என்று அங்கே நின்ற பலர் சொல்லியிருக்கிறார்கள். துவக்கும் தோட்டாக்கோதுகளும் கிடைத்ததோ பின்பக்கக் கட்டடத்தில். அத்தனை பேரும் பொய் சொன்னார்களா, இல்லை சான்றுதான் பொய்யா?"

இரண்டும் இல்லை. இதற்குள் ஓர் அழகான பௌதிகம் இருக்கிறது. அதைச் சொல்லக் கிடைத்த சாட்டு என்றுதான் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டேன்.

கதை எல்லோருக்கும் தெரியும். 1963 நவம்பர் 22, மதியம் 12.30, டாலஸ் நகரின் டீலி பிளாசா. திறந்த காரில் வந்த அமெரிக்க ஜனாதிபதி சுடப்பட்டார். காருக்குப் பின்பக்கம் இருந்த பாடநூல் களஞ்சியக் கட்டடத்தின் ஆறாவது தளத்தில் 6.5 மில்லிமீற்றர் இத்தாலியத் துவக்கு ஒன்றும் 3 வெற்றுக் கோதுகளும் கிடைத்தன. பதினைந்து ஆண்டுகள் கழித்து அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் குழுவொன்று 178 பேரின் சாட்சியங்களைப் பிரித்துப் பார்த்தது. சத்தம் களஞ்சியத்தில் இருந்து வந்தது என்றவர்கள் 49 பேர். புல்மேட்டில் இருந்து என்றவர்கள் 21 பேர். வேறு இடங்களைச் சொன்னவர்கள் 30 பேர். எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாதவர்கள் 78 பேர். எனக்கு அந்த 78 பேரைத்தான் மிகவும் பிடிக்கும்.

ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காது எப்படிக் கண்டுபிடிக்கிறது? வலப்பக்கச் சத்தம் வலக்காதுக்குக் கொஞ்சம் முந்திப் போய்ச் சேரும். அந்த இடைவெளி, கூடிப்போனால் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. அதில் முக்கால்வாசிக்கும் குறைவு. அந்தச் சிறு வித்தியாசத்தை அளந்து மூளை திசையைச் சொல்கிறது. ஆனால் நேர் முன்னே, நேர் பின்னே என்றால் இரண்டு காதுக்கும் சத்தம் ஒரே நேரத்தில் வரும். அப்போது தலையைத் திருப்பித்தான் முடிவெடுப்போம். துவக்கு வெடி அதற்குள் முடிந்துவிடும்.

இது பாதிக் கதைதான். மீதிப் பாதிக்கு உட்துறைமுகக் கரைக்கு வாருங்கள்.

மூதூர்ப் பக்கம் போகும் ஒரு வேகப்படகைப் பாருங்கள். அதன் பின்னால் 'வ' வடிவில் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது கவிழ்த்த கூரை மாதிரி இரண்டு பக்கமும் சாய்ந்து விரியும் அலை. நீங்கள் கரையில் கண்ணை மூடிக்கொண்டு காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். படகு கடந்து கொஞ்ச நேரத்தில் அந்த அலை காலில் வந்து அடிக்கும். அது எந்தத் திசையில் இருந்து வந்தது? பக்கவாட்டில், சாய்வாக வந்தது. படகு எந்தத் துறையில் இருந்து புறப்பட்டது என்று அந்த அலையைக் கேட்டால் அதற்குத் தெரியாது. அது பிறந்தது படகு போன வழியில் எங்கோ ஓரிடத்தில்.

ஒலியைவிட வேகமாகப் பறக்கும் சன்னமும் காற்றில் இதையேதான் செய்கிறது. டாலஸ் துவக்கின் சன்னம் குழலை விட்டு ஏறக்குறைய செக்கனுக்கு 660 மீற்றர் வேகத்தில் வெளியேறும். ஒலி ஏறக்குறைய 340. ஆகவே சன்னத்தின் பின்னால் ஒரு கூம்பு விரியும், அரைக்கோணம் 31 பாகை. அந்தக் கூம்பு காதைக் கடக்கும்போது 'டப்' என்று சாட்டையடி மாதிரி ஒரு சத்தம். துவக்கின் வாயில் வாயு வெடித்துக் கிளம்பும் 'டும்' என்பது தனி. அது ஒலிவேகத்தில் ஆறுதலாகப் பின்னால் வரும்.

ஒரு கொப்பிக்கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை டாலஸ் அளவுகள் அல்ல, விளங்குவதற்காக நான் எடுத்தவை. துவக்கில் இருந்து 80 மீற்றர் முன்னே, சன்னம் போகும் கோட்டில் இருந்து 20 மீற்றர் பக்கவாட்டில் ஒருவர் நிற்கிறார். 'டும்' அவரை அடைய 0.24 செக்கன் ஆகும். 'டப்' 0.17 செக்கனிலேயே வந்துவிடும். அந்த 'டப்' எங்கே பிறந்தது தெரியுமா? சன்னத்தின் பாதையில், துவக்கில் இருந்து 68 மீற்றர் தள்ளி! வெறும் காற்று, அங்கே ஆளும் இல்லை, துவக்கும் இல்லை. அவர் காது காட்டும் திசைக்கும் உண்மையான துவக்குக்கும் இடையில் 45 பாகை வித்தியாசம். நான் முதன்முதல் இந்தக் கணக்கைச் செய்தபோது பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்து மூன்று தரம் திரும்பச் செய்தேன்.

அதோடு மூளைக்கு ஒரு பழக்கம் உண்டு. முதலில் வந்த சத்தத்தின் திசையைப் பிடித்துக்கொண்டு, உடனே பின்னால் வருவதை எதிரொலி என்று ஒதுக்கிவிடும். இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் நான்கு சுவருக்குள் யார் பேசுகிறார் என்றே தெரியாது. நல்ல பழக்கம்தான், துவக்கு வெடிக்காதவரை. டீலி பிளாசாவைச் சுற்றி உயரக் கட்டடங்கள், சுவர்கள், மோட்டார் சைக்கிள் இரைச்சல் வேறு.

சரி, டாலஸை விடுவோம். எண்பதுகளில் எங்கள் வீட்டில் வெடி கேட்டால் எல்லோரும் தரையில் படுத்துக்கொள்வோம். அம்மம்மா கடல்பக்கம் என்பார். மாமா சந்திப்பக்கம் என்று சத்தியம் பண்ணுவார். ஒரே அறையில், ஒரு முழ இடைவெளியில் கிடந்த இரண்டு பேர். அம்மா மட்டும், "ரெண்டு பக்கமும்தான், பேசாமல் படுங்கோ" என்பார். அந்த 78 பேரைச் சேர்ந்தவர் அம்மா.

'சாட்சி பிழைக்கும், பொருள் பிழைக்காது' என்று யாரும் துள்ளவேண்டாம். அதே காங்கிரஸ் குழுவின் கையில் ஒரு பொலிஸ் வானொலிப் பதிவும் கிடைத்தது. ஒலிவாங்கி திறந்தபடி சிக்கிக்கொண்ட ஒரு மோட்டார் சைக்கிளின் பதிவு என்றார்கள். அதில் உள்ள துடிப்புகளை ஆராய்ந்த ஒலியியல் நிபுணர்கள், புல்மேட்டில் இருந்து ஒரு சூடு என்பதற்கு 95 சதவீத நிகழ்தகவு என்றார்கள். 1979இல் குழு 'பெரும்பாலும் சதி' என்று எழுதியது. அப்புறம் ஒஹையோவில் ஒரு டிரம்ஸ் வாசிப்பவர், சஞ்சிகையோடு இலவசமாக வந்த இசைத்தட்டில் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தத் துடிப்புகளின் மேலேயே மெல்லிசாக ஒரு பேச்சுக்குரல்! பொலிஸ் வானொலியின் மற்ற அலைவரிசையில் ஷெரிப் பேசிய, சுட்டு ஏறக்குறைய ஒரு நிமிடம் கழிந்த பிறகு வந்த வசனம் அது. 1982இல் நோர்மன் ராம்சே தலைமையிலான அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகக் குழு அதை ஏற்றுக்கொண்டு, அந்தத் துடிப்புகள் சூடே அல்ல என்றது. 2001இல் இதை மறுத்து ஒரு கட்டுரை வந்தது, 2005இல் அதற்கு மறுமொழி வந்தது. என் கணிப்பைக் கேட்டால், ஒரு துவக்கு, மூன்று சூடு. அந்த 178 பேரிலும் மூன்று வெடி என்று எண்ணியவர்கள்தான் மிகப் பெரும்பான்மை. எண்ணுவதற்குக் காது போதும், திசைக்குப் போதாது.

தண்ணீருக்கடியில் நிலைமை இன்னும் மோசம். புறாத்தீவுப் பக்கம் சுழியோடுபவர்களைக் கேளுங்கள், தூரத்தில் யாராவது மீன் பிடிக்க டைனமைட் போட்டால் சத்தம் எல்லாப் பக்கமும் இருந்து வரும். நீரில் ஒலி செக்கனுக்கு 1500 மீற்றர். இரண்டு காதுக்கும் இடையிலான நேர வித்தியாசம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்க, மூளை கைவிட்டுவிடும். ஆனால் ஒரு கிலோமீற்றர் இடைவெளியில் வைத்த இரண்டு நீரடி ஒலிவாங்கிகளுக்கு அந்த வித்தியாசம் 0.6 செக்கனையும் தாண்டலாம். நாலு ஒலிவாங்கி போட்டால் வெடி போட்ட இடத்தைக் கடல்வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டலாம். மீன்வளத்தைப் பற்றி மேடையில் பேசுபவர்கள் அந்த மேடைச் செலவில் ஒரு பங்கை இதற்குத் தந்தால் என்ன என்று எனக்கு நெடுநாள் ஆற்றாமை.

தம்பி, இந்தத் தீபாவளிக்கு நாலு கைபேசிகளில் ஒலிப்பதிவைத் தொடங்கி, நாலையும் ஒன்றாக வைத்து ஒரு தரம் கைதட்டுங்கள். அதுதான் உங்கள் பொது மணிக்கூடு. பதிவை நிறுத்தாமல் நாலையும் கடற்கரையில் தள்ளித் தள்ளி வையுங்கள். எங்காவது சீனவெடி வெடித்ததும் பக்கத்தில் நிற்பவர்களைக் கையால் திசை காட்டச் சொல்லி, அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு, பிறகு கைபேசிகளைக் கேளுங்கள். 10 மில்லிசெக்கன் பிழைத்தால் 3.4 மீற்றர் பிழைக்கும், கைதட்டலைப் பலமாகத் தட்டுங்கள்.