நாற்காலியில் இருப்பவர் யார் என்று கேட்டீர்களா?

கோர்ட் அறைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். இன்று விசாரிப்பவர் தற்காலிக நீதிபதி, அவர் ஒரு வக்கீல், வழக்கமான நீதிபதிதான் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்பது அதன் சாரம். காரை எங்கே நிறுத்துவது, எந்த மாடி என்று பதறி வருகிறவர் கண்ணில் அது படுவதே இல்லை.

கலிபோர்னியாவில் உயில், வாரிசுச் சொத்து வழக்குகளைப் பார்க்கிறேன். அப்பாவோ அம்மாவோ போன பிறகு வீடு புரோபேட்டில், அதாவது இறந்தவர் சொத்தைக் கோர்ட் மேற்பார்வையில் வாரிசுகளுக்குப் பிரிக்கும் வழக்கில், மாட்டிக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் நிறைய வருகின்றன.

நீதிபதி விடுப்பில் போனாலோ வேலை குவிந்தாலோ, கவுண்ட்டியின் (நம் மாவட்டம் மாதிரி) சுப்பீரியர் கோர்ட், அதாவது வழக்கை முதலில் விசாரிக்கும் கோர்ட், ஒரு வக்கீலை அந்த நாற்காலியில் உட்கார வைக்கலாம். அவர் மாநில பாரில், அதாவது வக்கீல்கள் பதிவு செய்துகொள்ளும் அமைப்பில், குறைந்தது 10 ஆண்டு இருந்திருக்க வேண்டும். தக்க காரணம் காட்டினால் 5 ஆண்டு போதும். நீதிபதியாக நடந்துகொள்ளும் முறை, நெறிமுறை ஆகியவற்றில் பயிற்சியும் கட்டாயம். இத்தனை இருந்தும், வழக்கின் தரப்பினர் சம்மதித்தால்தான் அவர் விசாரிக்க முடியும். மாநில அரசியலமைப்பே அப்படிச் சொல்கிறது.

சரி, சம்மதத்தை எப்படிக் கேட்பார்கள்? அங்கேதான் சிக்கல். கோர்ட் நியமித்த தற்காலிக நீதிபதி என்றால், நோட்டீஸ் கொடுத்தபின் அவர் விசாரணையைத் தொடங்கும் முன் நீங்கள் ஆட்சேபம் சொல்லாவிட்டால் சம்மதித்ததாகவே கணக்கு. மௌனம் சம்மதம் என்று நாம் கல்யாணப் பேச்சில் சொல்வது இங்கே சட்டம்.

அண்ணன், தங்கை வழக்கு ஒன்று. அம்மாவின் வீட்டு வாடகைக்கு அண்ணன் சரியாகக் கணக்குக் காட்டவில்லை என்பது தங்கையின் புகார். என் கட்சிக்காரர் அண்ணன். உள்ளே போனதும் என் காதருகே குனிந்து, "மேடம், ஜட்ஜ் லீவா? இவர் யாரு?" என்றார். நல்லவேளை, கேட்டார். அந்தத் தற்காலிக நீதிபதியும் ஒளிக்கவில்லை: எதிர்த்தரப்பு வக்கீலும் தானும் முன்பு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்ததை அவரே சொன்னார். இரண்டு நிமிடம் கேட்டு வராந்தாவுக்கு வந்து பேசினோம். ஆட்சேபம் சொன்னோம். அடுத்த தேதி ஆறு வாரம் கழித்துக் கிடைத்தது. அண்ணனுக்கு என் மேல்தான் கோபம்.

எல்லா வழக்கிலும் மறுக்கச் சொல்வேனா? மாட்டேன். யாரும் எதிர்க்காத மனு, உயில் தெளிவு, வாரிசுகளும் ஒத்துப்போகிறார்கள் என்றால் தற்காலிக நீதிபதியே போதும். பத்து நிமிடத்தில் முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். கணக்குத் தகராறு, உயில் செல்லுமா என்ற சண்டை என்றால்தான் யோசிப்பேன். அப்போது நான் பார்ப்பது இரண்டு: அவர் புரோபேட்டில் ஊறியவரா, இல்லை விபத்து வழக்கு வக்கீலா, இதே கவுண்ட்டியில் எதிர்த்தரப்பு வக்கீலோடு அவருக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டா.

இரு தரப்பும் சேர்ந்து தாங்களே ஒருவரைத் தேர்ந்தெடுத்து, கட்டணம் கொடுத்து வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. அனுபவசாலி கிடைப்பார், தேதியும் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் எதை மட்டும் அவர் விசாரிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் குறுக்கி எழுதுங்கள். பொத்தாம்பொதுவாகக் கையெழுத்துப் போட்டால் வழக்கு முடியும்வரை அவர்தான். சம்மதத்தைத் திரும்பப் பெறத் தக்க காரணம் வேண்டும். தீர்ப்பு தப்பு என்பது காரணமே ஆகாது.

அப்புறம், ஊரில் இருக்கும் வாரிசுகள். விசாரணைக்குக் குறைந்தது 15 நாள் முன்பு நோட்டீஸ் அனுப்பினால் சட்டப்படி போதும். மதுரைக்குப் போகும் தபால் அதற்குள் சேருமா? அதனால் என் கட்சிக்காரர்களிடம், அனுப்பிய நோட்டீஸைப் படம் எடுத்து அன்றைக்கே அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் போடுங்கள் என்கிறேன். கோர்ட்டுக்கு அது கணக்கில்லை. அக்காவுக்குக் கணக்கு.