நாத்தனார் வீட்டுக்கு ஒரு பயணம்: முதுமையில் உறவைத் தேடிப் போகும்போது உடலில் நடப்பவை

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தொலைவே உள்ளது. நடுவில் மாநில எல்லை குறுக்கிட்டாலும், பெண் கொடுத்தும் எடுத்தும் தலைமுறைகளாகப் பின்னிப்போன ஊர்கள் இவை. அண்ணன் குடும்பம் மஞ்சக்குப்பத்திலும் தங்கை குடும்பம் முத்தியால்பேட்டையிலுமாக வாழ்பவர்கள் இரண்டு பக்கமும் ஏராளம். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் அப்படி நாத்தனார் வீட்டுக்குப் புறப்படும்போது, “வெயில்ல எதுக்கும்மா அலைச்சல், போன்லயே பேசிக்க வேண்டியதுதானே” என்று பிள்ளைகள் தடுப்பது வழக்கம். அக்கறையோடு சொல்லப்படுவதுதான். ஆனால் அலைச்சலைக் கழித்துவிட்டுப் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டால், அந்தப் பயணத்தால் உடலுக்கும் மூளைக்கும் கிடைக்கக்கூடியதில் கணிசமான பங்கு கிடைக்காமல் போய்விடுகிறது என்பதையே கடந்த அரை நூற்றாண்டின் ஆய்வுகள் சுட்டுகின்றன.

உறவுகளுக்கும் ஆயுளுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியை முதன்முதலில் பெரிய அளவில் ஆராய்ந்தவர்களுள் லிசா பெர்க்மன், லெனார்ட் சைம் ஆகிய இருவரும் குறிப்பிடத்தக்கவர்கள். கலிபோர்னியாவின் அலமீடா மாவட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேரை ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்து, 1979இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகளின்படி, உற்றார் உறவினர் தொடர்பு மிகக் குறைந்தவர்கள் அக்காலத்தில் இறப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. 2010இல் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 148 ஆய்வுகளை, அதாவது மூன்று லட்சத்துக்கும் அதிகமானோரின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வலுவான உறவுகள் உடையவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு சுமார் 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது. நலமாக இருப்பவர்களால்தானே ஊருக்குப் போய்வர முடியும், ஆகவே இது தலைகீழான கணக்கு அல்லவா என்று கேட்பது நியாயமே. ஆய்வாளர்கள் தொடக்கத்தில் இருந்த உடல்நிலையையும் கணக்கில் எடுத்துக்கொண்டே இம்முடிவுகளைச் சொல்கிறார்கள். என்றாலும் இத்தகைய ஆய்வுகள் தொடர்பைத்தான் காட்டும், காரணத்தை முழுமையாக நிறுவா. எனவே உடலுக்குள் என்ன நடக்கிறது என்று தனியே பார்க்க வேண்டியிருக்கிறது.

தனிமை உணர்வை ஒரு மனக்குறையாக மட்டும் பார்க்காமல், பசியையும் தாகத்தையும் போன்ற ஓர் உயிரியல் எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜான் கசியோப்போ. அதற்கு வலுச்சேர்க்கும் ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. பத்து மணி நேரம் ஆள் முகம் பாராமல் தனித்து வைக்கப்பட்டவர்களுக்கு மனிதர்கள் கூடிப் பேசும் படங்களைக் காட்டியபோது, நடுமூளையில் எழுந்த வினை, அதே அளவு நேரம் பட்டினி கிடந்தவர்கள் உணவுப் படத்தைப் பார்த்தபோது எழுந்த வினையை ஒத்திருந்தது. இந்த எச்சரிக்கை நாட்கணக்கில் அணையாமல் நீடித்தால் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலின் அன்றாட ஏற்ற இறக்கம் குலைகிறது, உறக்கம் துண்டுபடுகிறது, உடலில் அழற்சி கூடுகிறது. நோய் எதிர்ப்பு ஆற்றலிலும் இதன் சுவடு தெரியும். ஷெல்டன் கோஹன் 1997இல் 276 தன்னார்வலர்களின் மூக்கில் சளிக் கிருமியைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தார். துணைவர், பிள்ளை, நண்பர், அண்டை வீட்டார் என ஆறு வகை உறவுகளாவது உடையவர்களைவிட, மூன்று வகைக்கு மேல் இல்லாதவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. உறவுகளின் எண்ணிக்கையைவிட வகைகளே இங்கு முக்கியமாயின என்பது கவனிக்கத்தக்கது. மகன் வீட்டில் எல்லா வசதியோடும் இருப்பவருக்கும் பழைய தோழியும் நாத்தனாரும் தேவைப்படுவதன் காரணத்தை இதில் ஓரளவு காணலாம்.

பயணத்தின் முதற்பலன் பேருந்து ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் 1990களில் குரங்குகளைக் கொண்டு நடத்திய சோதனைகளில், பழச்சாறு வரப்போகிறது என்பதற்கான அடையாளம் தோன்றிய கணத்திலேயே டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் கிளர்ந்தெழுந்தன. பழகிப்போன பின் சாறு நாவில் படும்போது அவை பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. “ஞாயித்துக்கிழமை வரேன்” என்று சொல்லி வைத்த பிறகு, எந்தப் புடவை கட்டுவது, பண்ருட்டிப் பலாவில் எத்தனை சுளை எடுத்துப்போவது என்று நான்கு நாள் நடக்கும் ஆலோசனைகளுக்குப் பின்னால் இருப்பதும் இந்த எதிர்பார்ப்புப் பொறியமைப்புதான். எதிர்பாராத நற்பலனுக்கு அதே நரம்பணுக்கள் இன்னும் வலுவாக வினைபுரிகின்றன என்பதால், முன்னறிவிப்பின்றி வாசலில் வந்து நிற்கும் விருந்தாளி தரும் பரவசத்துக்கும் அறிவியலில் இடம் உண்டு. சமைப்பவரின் கருத்து வேறாக இருக்கக்கூடும்.

அடுத்தது உடல் அசைவு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கேரன் ஃபிங்கர்மன் குழுவினர் 65 வயதைக் கடந்தவர்களின் உடலில் அசைவை அளக்கும் கருவியைப் பொருத்திப் பல நாட்கள் கண்காணித்தனர். பலதரப்பட்ட மனிதர்களைச் சந்தித்தவர்கள் கூடுதலாக நடமாடினார்கள், உட்கார்ந்தே கிடக்கும் நேரம் அவர்களிடம் குறைந்தது, மனநிலையும் மேம்பட்டிருந்தது. நம் பயணியின் நாளைப் பார்த்தாலும் இது புரியும். பேருந்து நிலையத்தில் நிற்பதும், படியேறுவதும், புதுச்சேரியில் இறங்கி அடுத்த வண்டி பிடிப்பதும், போன வீட்டில் அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடப்பதும் உடற்பயிற்சி என்ற பெயரில் செய்யச் சொன்னால் அவர் செய்யமாட்டார்.

“வாங்க அண்ணி” என்ற வரவேற்பில் தொடங்கும் உரையாடலின்போது மூளை செய்யும் வேலை நாம் நினைப்பதைவிடக் கடினமானது. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒருவர் பேசி முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் இடையிலான இடைவெளி சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்கே எனத் தெரியவந்தது. ஆனால் ஒரே ஒரு சொல்லை மனத்தில் தேடி எடுத்து வாய்க்குக் கொண்டுவரவே அரை நொடிக்கு மேல் ஆகும். அப்படியானால் எதிரில் இருப்பவர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே, அது எங்கே முடியும் என்று கணித்து, தம் பதிலை அடுக்கத் தொடங்கினால்தான் இந்த வேகம் சாத்தியம். கேட்பது, கணிப்பது, சொல் தேடுவது, முகக்குறிப்பைப் படிப்பது, மருமகள் காதில் விழக்கூடாததை விழாமல் பார்த்துக்கொள்வது ஆகிய அனைத்தும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. கவனத்தையும் நினைவையும் தன்னடக்கத்தையும் மணிக்கணக்கில் ஒருசேர வேலை வாங்கும் செயல்கள் அன்றாட வாழ்வில் இதைப்போல் அதிகம் இல்லை. இடையில் எழும் சிரிப்புக்கும் தனிப் பலன் உண்டு: மற்றவர்களோடு சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தபின் வலியைத் தாங்கும் எல்லை உயர்வதை ராபின் டன்பார் குழுவினர் 2011இல் வெளியிட்ட சோதனைகளில் கண்டனர்; எண்டார்ஃபின் என்னும் இயற்கை வலிநிவாரணி சுரப்பதே அதற்குக் காரணம் என்பது அவர்கள் விளக்கம்.

தொலைபேசியால் ஈடுசெய்யவே முடியாத பகுதி என்று நான் கருதுவது இடம் தரும் நினைவையே. டங்கன் காடனும் ஆலன் பேட்லியும் 1975இல் முக்குளிப்பவர்களைக் கொண்டு நடத்திய சோதனை உளவியலில் புகழ்பெற்றது. நீருக்கடியில் மனப்பாடம் செய்த சொற்களை அவர்கள் நீருக்கடியிலேயே நன்றாக நினைவுகூர்ந்தனர், கரையில் படித்தவற்றைக் கரையில். விளைவின் அளவு குறித்துப் பிற்கால ஆய்வுகள் மாறுபட்டாலும், சூழலும் நினைவும் சேர்ந்தே பதிகின்றன என்ற அடிப்படைக் கருத்து நிலைத்திருக்கிறது. கல்யாணமாகி வந்த புதிதில் புழங்கிய அதே கூடத்தில், அதே தாழ்வாரத்தின் வெளிச்சத்தில் உட்காரும்போது, கேட்டால் வராத பெயர்கள் கேட்காமலே வந்து விழுகின்றன. அடுப்படியிலிருந்து கருவாட்டுக் குழம்பின் வாசம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பார்வையும் ஒலியும் தலாமஸ் என்னும் இடைநிலையத்தின் வழியாகவே மூளைப் புறணியை அடைகின்றன. மணமோ அந்த வழியைச் சுற்றாமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய அமிக்டலா, ஹிப்போகேம்பஸ் பகுதிகளுக்கு மிக அருகில் நேரே சென்று சேர்கிறது. மணம் கிளப்பும் நினைவுகள் பெரும்பாலும் பிள்ளைப் பருவத்தைச் சேர்ந்தவையாக இருப்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

எந்தக் காலத்து நினைவுகள் அதிகம் வரும் என்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. நடுவயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கை நிகழ்ச்சிகளைச் சொல்லச் சொன்னால், ஏறத்தாழ 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவை மற்ற காலத்தவற்றைவிட மிகுதியாகக் குவிகின்றன. எண்பதைக் கடந்த புதுச்சேரிக்காரர்கள், ஊர் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த 1962 ஆகஸ்ட் 16ஐ ஒட்டிய நாட்களைப் பற்றி நேற்று நடந்ததுபோல் பேசுவதில் வியப்பில்லை. அப்போது அவர்கள் பதின்ம வயதிலோ இருபதுகளிலோ இருந்தவர்கள். அண்மைக்கால நிகழ்வுகளுக்கோ இருவர் தேவைப்படலாம். 2011 டிசம்பர் 30 காலையில் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலைப் பற்றிப் பேச்சு எழுந்தால், எந்த முந்திரித் தோப்பு சாய்ந்தது என்று ஒருவர் தொடங்க, மின்சாரம் எத்தனை நாள் இல்லை என்று மற்றவர் நிரப்புவார். முன்பின் தெரியாதவர்கள் கூடி நினைவுகூரும்போது ஒருவரையொருவர் தடுமாறச் செய்து, தனித்தனியே சொல்லியிருக்கக்கூடியதைவிடக் குறைவாகவே சொல்வார்கள் என்பது ஆய்வகக் கண்டுபிடிப்பு. நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த தம்பதியருள் சிலரிடம் இது தலைகீழாகி, இருவரும் சேர்ந்து கூடுதலாக நினைவுகூர்வதை ஆஸ்திரேலிய உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

முதியவர்கள் புது நட்பைத் தேடாமல் பழைய வீடுகளையே சுற்றிவருவது மனம் சுருங்கிப்போனதன் அடையாளம் என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லாரா கார்ஸ்டென்சன் இதை மறுத்தார். அரை மணி நேரத்தை நெருங்கிய உறவினரோடு கழிக்கலாமா, அண்மையில் அறிமுகமானவரோடா, படித்த நூலை எழுதியவரோடா என்று கேட்டபோது, முதியவர்கள் உறவினரையே பெரிதும் தேர்ந்தெடுத்தனர். இளையவர்களிடம் அந்தச் சாய்வு இல்லை. விரைவில் தொலைதூரத்துக்குக் குடிபெயரப் போவதாகக் கற்பனை செய்யச் சொன்னதும் இளையவர்களும் உறவினர் பக்கம் சாய்ந்தனர். மாறாக, மருத்துவ முன்னேற்றத்தால் இன்னும் இருபது ஆண்டுகள் கூடுதலாக வாழலாம் என்று கற்பனை செய்த முதியவர்களிடம் அந்தச் சாய்வு மறைந்தது. ஆக, காரணம் வயதன்று. எஞ்சியிருக்கும் காலத்தைப் பற்றிய கணிப்பே. நேரம் குறைவு என்று தெரிந்தவர் அதை நிறைவு தரும் இடத்தில் செலவிடுகிறார்.

பேச்சினிடையே முன்கையைப் பற்றித் தடவிக்கொடுப்பதற்கும் தனி நரம்பு வழி இருக்கிறது. உரோமம் உள்ள தோலில் காணப்படும் சி-டாக்டைல் இழைகள், நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரையிலான மெதுவான வருடலுக்கே மிகுதியாக வினைபுரிகின்றன. அவை கொண்டுசெல்லும் செய்தி, உடலின் உள்நிலையை உணரும் இன்சுலா பகுதியை அடைகிறது.

எல்லா வீடும் நன்மை செய்யும் என்று இதற்குப் பொருளில்லை. அன்பும் கசப்பும் கலந்த உறவுகளோடு பழகும்போது இரத்த அழுத்தம் எப்படி மாறுகிறது என்று, நாள் முழுவதும் அளக்கும் கருவியைக் கட்டி ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 2003இல் ஆராய்ந்தனர். அத்தகையவர்களோடு இருந்த வேளைகளில்தான், இதயம் சுருங்கும்போது பதிவாகும் சிஸ்டாலிக் அழுத்தம் மிகுதியாக இருந்தது; வெளிப்படையாகப் பிடிக்காதவர்களோடு இருந்தபோதுகூட அவ்வளவு ஏறவில்லை. பாகப்பிரிவினை பாதியில் நிற்கும் பங்காளி வீட்டுக்கு முகூர்த்தத்துக்கு மட்டும் தலைகாட்டிவிட்டுத் திரும்புகிறவர்களை நான் குறைசொல்ல மாட்டேன்.

சரி, தொலைபேசி போதாதா? அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த 11,000 பேரை ஆராய்ந்து ஆலன் டியோ குழுவினர் 2015இல் வெளியிட்ட முடிவு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. குடும்பத்தாரையும் நண்பர்களையும் வாரத்துக்கு மூன்று முறையாவது நேரில் சந்தித்தவர்களுள் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தவர்கள் 6.5 விழுக்காட்டினர்; சில மாதங்களுக்கு ஒருமுறையோ அதைவிடக் குறைவாகவோ சந்தித்தவர்களுள் 11.5 விழுக்காட்டினர். தொலைபேசித் தொடர்பு கூடுதலாக இருந்தவர்களிடம் இப்படிப்பட்ட பாதுகாப்பு தென்படவில்லை.

பலரைப் பயணத்திலிருந்து பின்வாங்கச் செய்வது மூட்டுவலி மட்டுமன்று, காது கேளாமையும்தான். டிமென்ஷியா எனப்படும் மறதிநோயைத் தடுப்பது குறித்து லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024இல் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய 14 அபாயக் காரணிகளில் செவித்திறன் குறைபாடும் சமூகத் தனிமையும் இரண்டுமே இடம்பெற்றுள்ளன. நடைமுறையில் முன்னது பின்னதுக்கு இட்டுச்செல்கிறது. வயதாகும்போது முதலில் தேய்வது உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன் என்பதால் ‘ச’, ‘ஸ’ போன்ற மெய்யொலிகள் மங்கி, குரல் கேட்டும் சொல் புரியாத நிலை உண்டாகிறது. முன்னே சொன்ன ஐந்தில் ஒரு நொடிக் கணிப்பு அப்போது தவறிப்போகிறது, திரும்பத் திரும்ப “என்னது?” என்று கேட்க வெட்கப்பட்டுச் சிரித்தே சமாளிப்பவர், அடுத்த முறை வரவே தயங்குவார். கத்திப் பேசினால் ஒலி சிதைவதுதான் மிச்சம். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, மின்விசிறியின் இரைச்சலிலிருந்து விலக்கி, வெளிச்சம் நம் முகத்தில் விழுமாறு அவருக்கு எதிரே உட்கார்ந்து சற்று நிதானமாகப் பேசினால், உதட்டசைவையும் சேர்த்துப் படித்து விட்டுப்போன மெய்யொலிகளை அவர் மூளையே பெருமளவு நிரப்பிக்கொள்ளும்.