பத்தாண்டுச் சாதனையில் திறமை எவ்வளவு, பூவா தலையா எவ்வளவு?

பத்தில் எட்டு ஆண்டுகள் சந்தைக் குறியீட்டை முந்திய மியூச்சுவல் ஃபண்டைப் பார்த்ததும், அதன் மேலாளர் கெட்டிக்காரர் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. கணக்கு அவ்வளவு எளிதில் ஒப்புவதில்லை.

திறமையே இல்லாத 100 ஃபண்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் குறியீட்டை முந்துவதும் பிந்துவதும் பூவா தலையா போட்டதுபோல் சரிபாதி வாய்ப்பு. பத்து முறை சுண்டினால் 1,024 வரிசைகள் சாத்தியம். எட்டு அல்லது அதற்கு மேல் பூ விழும் வரிசைகள் 45+10+1, ஆக 56. ஏறக்குறைய 5.5 சதவீதம். அதாவது ஐந்தாறு ஃபண்டுகள் அதிர்ஷ்டத்தாலேயே நட்சத்திரமாகிவிடும். விளம்பரத்தில் வருபவையும் அவைதான்.

இதைவிடக் கவலை தருவது மறுபக்கம். உண்மையிலேயே ஆண்டுக்குச் சராசரி 2 சதவீதம் கூடுதலாக ஈட்டும் மேலாளர் ஒருவர். அந்தக் கூடுதலின் திட்ட விலக்கம், அதாவது ஆண்டுக்காண்டு சராசரியிலிருந்து அது ஏறி இறங்கும் அளவு, 6 சதவீதம். ஐந்தாண்டு முடிவில் அவரும் குறியீட்டுக்குப் பின்தங்கியிருக்கும் வாய்ப்பு 23 சதவீதம்! திறமையை ஓரளவு உறுதியாகச் சொல்ல எத்தனை ஆண்டு வேண்டும்? விலக்கத்தைச் சராசரிக் கூடுதலால் வகுத்து, இரண்டால் பெருக்கி, வர்க்கம் எடுங்கள்: 6÷2=3, 3×2=6, 6×6=36 ஆண்டுகள். அவரே அதற்குள் ஓய்வு பெற்றிருப்பார். மூன்றாண்டு லாபத்தைப் பார்த்து ஃபண்டு மாற்றுபவர்கள் பெரும்பாலும் இரைச்சலைத்தான், அதாவது தற்செயலான ஏற்ற இறக்கத்தைத்தான், துரத்துகிறார்கள்.

பட்டியலும் ஏமாற்றும். சோபிக்காத ஃபண்டுகள் மூடப்படும், அல்லது வேறொன்றோடு இணைக்கப்படும். மிஞ்சியவற்றின் சராசரி அதனால் உயர்ந்து தெரியும். ஒப்பிடும் குறியீட்டில் டிவிடெண்ட் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சேர்த்தே ஒப்பிட வேண்டும் என்பது 2018 பிப்ரவரி முதல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி. அதற்கு முந்தைய ஒப்பீடுகள் பலவற்றில் டிவிடெண்ட் விடுபட்டிருக்கும்.

நம் கையில் இருப்பது செலவு விகிதம், அதாவது ஃபண்டு நம் பணத்திலிருந்து ஆண்டுதோறும் எடுத்துக்கொள்ளும் கட்டணம். 2013 ஜனவரி முதல் டைரக்ட் திட்டங்கள் கிடைக்கின்றன. அவற்றில் விநியோகஸ்தர் கமிஷன் இல்லை. செலவு ஒரு சதவீதம் கூடினால் லாபம் அவ்வளவு குறையும்: ஒரு லட்சம் ரூபாய் 12 சதவீதத்தில் 20 ஆண்டுகளில் சுமார் 9.65 லட்சமாகும், 11 சதவீதத்தில் 8.06 லட்சம்தான். இந்த ஒரு சதவீதத்தை மிச்சப்படுத்த மட்டும் அதிர்ஷ்டம் தேவையில்லை.