பார்த்துச் சொல்ல முடியாது

"டாக்டர், ஒரு தடவை பார்த்துச் சொல்லிடுங்க, இவ தப்பு எதுவும் பண்ணலைன்னு." கல்யாணம் நிச்சயமானதும், அல்லது மகளைப் பற்றி அக்கம்பக்கத்தில் ஏதாவது காதில் விழுந்ததும், சில அம்மாக்கள் இப்படிக் கேட்டு வருவார்கள். மகப்பேறு மருத்துவராக என் பதில் ஒன்றுதான். ஒரு பெண் உடலுறவு வைத்துக்கொண்டாளா இல்லையா என்று பார்த்துச் சொல்ல என்னால் முடியாது, எந்த டாக்டராலும் முடியாது.

கன்னித்திரை என்பது யோனி வாயை முழுக்க மூடியிருக்கும், முதல் உறவில் கிழிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். முழுக்க மூடியிருந்தால் மாதவிலக்கு எப்படி வெளியே வரும்? (அரிதாகச் சிலருக்குப் பிறவியிலேயே அப்படி இருக்கும். வளர்ந்த பெண்ணுக்கு மாதவிலக்கே வராமல் மாதாமாதம் அடிவயிறு மட்டும் வலித்தால் காட்டிவிடுங்கள், சின்ன ஆபரேஷன்தான்.) மற்றவர்களுக்கு அது யோனி வாயின் ஓரத்தில் உள்ள சவ்வு மடிப்பு, அவ்வளவே. ஒருத்திக்கு வளையமாக, இன்னொருத்திக்குப் பிறைபோல இருக்கும். பருவ வயதில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் அதைத் தடிப்பாக்கி நெகிழவைக்கும். அதனால் உறவின்போது கிழியாமல் விரிந்துகொடுக்கலாம். கிழிந்தாலும் தடமில்லாமல் ஆறிவிடலாம். 2004-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கர்ப்பமாக இருந்த 36 வளரிளம் பெண்களில் 2 பேரிடம்தான் உறவு நடந்ததற்கான உறுதியான அடையாளம் தெரிந்தது. கர்ப்பமான பெண்களிடமே இந்த லட்சணம்!

முதலிரவில் ரத்தம் வராத பெண்கள் நிறையப் பேர். வந்தாலும் பல நேரம் பயம், வறட்சி, அவசரம்தான் காரணம். உறவு வைத்துக்கொண்டால் யோனி தளர்ந்துவிடும் என்பதும் கட்டுக்கதை. அது விரிந்து சுருங்கும் உறுப்பு. பயந்தால் இறுகும், அப்புறம் இளகும்.

அம்மாக்கள்மேல் எனக்குக் கோபமில்லை. இந்த நம்பிக்கைக்கு கையெழுத்தும் முத்திரையும் போட்டுக்கொடுத்தது எங்கள் துறை. பாலியல் வன்முறைக்கு ஆளானவரை இரண்டு விரலால் சோதித்து, 'உடலுறவுக்குப் பழக்கப்பட்டவர்' என்று சான்றிதழில் எழுதினோம். அதை வைத்துக் கோர்ட்டில் அவரையே குற்றவாளிபோலக் குடைந்தார்கள். இந்தச் சோதனை அந்தரங்க உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொன்னது. 2014-ல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலும் கூடாது என்றது. அதற்குப் பிறகும் நடந்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், இந்தச் சோதனையைத் தடை செய்யச் சொல்லித் தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றம் செய்தவராவார் என்றும், பாடத்திட்டத்திலிருந்தே இதை நீக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

வன்முறைக்கு ஆளானவர் வந்தால் எங்கள் வேலை வேறு. அவர் சம்மதத்தோடு காயங்களைப் பதிவுசெய்ய வேண்டும், மாதிரிகளை எடுக்க வேண்டும், சிகிச்சை தர வேண்டும். கர்ப்பத்தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். காயமே இல்லையென்றால் எதுவும் நடக்கவில்லை என்று எழுதக் கூடாது. போலீஸ் புகார் கொடுக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், தனியார் ஆஸ்பத்திரியும்தான்.