கடைசி பில்ட் எங்கே இருக்கிறது?

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மறுநாள் ரெயின்போ நகரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணா, சிஸ்டம் எல்லாம் தரையிலதான் இருந்துச்சு. பேக்கப் டிஸ்க்கும் பக்கத்துலயே வச்சிருந்தோம்." நாலு பேர் இரண்டு வருஷம் உழைத்த மொபைல் கேம். மிஞ்சியது ஒருவர் போனில் கிடந்த ஏபிகே, அதாவது ஆண்ட்ராய்டு போனில் கேமை நிறுவும் கோப்பு மட்டும்.

கேம் ஸ்டூடியோக்களின் சோர்ஸ் கோடு, அதாவது கேமை இயக்க எழுதும் நிரல், பத்திரமாக இருக்கும்படி பராமரித்துக் கொடுப்பது என் தொழில். புயலே அடிக்காமல் பெரிய கம்பெனிகளிலும் இதே இழப்பு நடந்திருக்கிறது.

ஜப்பானின் கேம் கம்பெனி கொனாமிக்குள்ளேயே இயங்கிய அணி டீம் சைலன்ட். 1999இல் 'சைலன்ட் ஹில்' என்ற திகில் கேம், 2001இல் அதன் இரண்டாம் பாகம், 2003இல் மூன்றாவது, 2004இல் நான்காவது. அதன் பிறகு அணி கலைந்தது. 2012இல் இரண்டாம், மூன்றாம் பாகங்களை எச்டியில் கொண்டுவர வேறொரு ஸ்டூடியோவிடம் கொடுத்தார்கள். கம்பெனியின் கையிருப்பிலிருந்து போன கோடு, கடைக்கு வந்த இறுதிப் பதிப்பே இல்லை! பழைய அணி வெளியீட்டுக்கு முன் சரிசெய்திருந்த பிழைகள் திரும்பவும் முளைத்தன. அந்த கேமின் உயிரே மூடுபனிதான். எச்டியில் அதுவும் சரியாக வரவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளப் பழைய அணியும் இல்லை.

இன்னொரு ஜப்பானிய கம்பெனியான ஸ்கொயரின் 'கிங்டம் ஹார்ட்ஸ்' கேமின் கதையும் இதுதான். 2002இல் வந்த கேமின் மூலத் தரவு தொலைந்துபோய், 2013 எச்டி பதிப்புக்காக விற்பனைக்கு வந்த கேமையே தோண்டிப் பார்த்து நிறைய மறுபடி செய்தார்கள்.

கேமை வெளியிட்ட அன்றைக்கே அந்த கமிட்டுக்கு (அன்று சேமித்த கோடின் நிலைக்கு) டேக் என்னும் அடையாளப் பெயர் போடுங்கள். கேமை இயக்கும் எஞ்சினின் பதிப்பு, அதோடு சேர்க்கும் பிளக்இன்கள், ஃபோட்டோஷாப் மூலக் கோப்புகள், கீஸ்டோர் (ஆப்பில் கையெழுத்திடும் சாவிக் கோப்பு), அதன் பாஸ்வேர்டு எல்லாம் கூடவே போகட்டும். ஒரு நகல் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும். தானே புயலையும் ஃபெஞ்சலையும் பார்த்த கடலோரக்காரர்கள் நாம். ஒருவர் வேலையை விட்டுப் போகும் முன், அவர் வாயே திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் பில்ட் எடுக்கட்டும், அதாவது கோடிலிருந்து ஓடக்கூடிய கேமைத் தயாரிக்கட்டும். எங்கே திணறுகிறாரோ அங்கேதான் எழுதி வைக்காத விஷயம் இருக்கிறது.

அந்தத் தம்பிகளின் ஏபிகேயைப் பிரித்தோம். படங்களும் ஒலிகளும் வந்துவிட்டன. கோடு வரவில்லை, முதலிலிருந்து எழுதினார்கள். இப்போது மாதம் ஒருமுறை காலி லேப்டாப் ஒன்றில் எல்லாவற்றையும் இறக்கி, பில்ட் எடுத்து, போனில் ஓடுவதை வீடியோவாக எனக்கு அனுப்புகிறார்கள்.